உறுதியான எஃகும் அதன் பூச்சும்: வாளையார்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் இடையே உள்ள ஒரு வெப்பப் பதப்படுத்தும் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் ஆகிய ஊர்களின் அரிசி ஆலைக்காரர்களும், கல் உடைக்கும் ஆலை நடத்துபவர்களும், கோயமுத்தூரிலிருந்து பம்பு உதிரிகளைக் கொண்டுவருபவர்களும் எங்களிடம் வருகிறார்கள். சரக்கோடு வரும் சீட்டில் ‘ஹார்டனிங்’ (கடினப்படுத்தல்) என்று ஒரு சொல்லும் ‘ஜிங்க்’ (துத்தநாகப் பூச்சு) என்று இன்னொரு சொல்லும் இருக்கும். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே என்ன நடக்கவேண்டும், எந்த வரிசையில் நடக்கவேண்டும் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. நான் பார்த்த உடைசல்களில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியில் பிறந்தவை. ஆகையால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் அது ஏன் கடினமாகிறது?

எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்த உலோகம். சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் கரிக்கு இடம் இல்லை என்றே சொல்லலாம். 727 டிகிரி செல்சியஸில்கூட 0.02 சதவீதம்தான் கரையும். அதற்கு மேல் சூடு ஏறும்போது அணுக்களின் அடுக்கே மாறுகிறது. ஆஸ்டனைட் எனப்படும் அந்தப் புதிய அடுக்கில், போதிய சூடு இருந்தால், 2 சதவீதம்வரை கரி கரைந்து நிற்கும். மெதுவாக ஆறவிட்டால் கரி பிரிந்துபோய் இரும்புக் கார்பைடாகப் படிந்துவிடும். அப்படிப்பட்ட எஃகு மென்மையாக இருக்கும். ஆனால் எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்த்தால், வெளியேற நேரமின்றிக் கரி அணுக்கள் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. அவற்றைச் சுமந்தபடி அடுக்கு கோணிக்கொண்டு இறுகிவிடுகிறது. இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அணு அடுக்கு எளிதில் வழுக்கி நகர முடியாமல் போவதுதான் கடினத்தின் காரணம். எளிதில் வழுக்க முடியாததால்தான் அது நொறுங்கவும் செய்கிறது. கடினமும் நொறுங்கும் தன்மையும் ஒரே வேரிலிருந்து வருவதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல விடைகள் தாமாகவே விளங்கும்.

எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளுக்கு வைக்கும் துவைச்சலும் இதுவும் ஒன்றா?

அடிப்படையில் ஒன்றுதான். கொல்லர் அரிவாளின் வாய்ப்பகுதியை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மீண்டும் வாய்க்குப் பரவும்போது அங்கே ஏறும் நிறத்தைப் பார்த்து, வைக்கோல் நிறமோ அதைத் தாண்டிய செம்பழுப்போ வந்தவுடன் முழுவதையும் அமுக்கிவிடுவார். வைக்கோல் நிறம் என்பது சுமார் 220 முதல் 230 டிகிரி; நீலம் வந்துவிட்டால் சுமார் 300 டிகிரி. நாங்கள் வெப்பமானியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வைத்துச் செய்வதை அவர் கண்ணால் செய்கிறார். அந்தக் கண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒரே மாதிரி ஐந்நூறு போல்ட்டுகள் வேண்டுமென்றால் கண் போதாது.

மலையாளத்தில் எஃகுக்கு ‘உருக்கு’ என்றே பெயர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கியதற்கும் மூசையில் எஃகு செய்ததற்கும் அகழாய்வில் சான்றுகள் கிடைத்துள்ளன. அங்கிருந்து மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்குச் சென்ற வணிக வழி இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே சென்றது. இந்தத் தொழில் நம் பக்கத்துக்குப் புதிதாக வந்ததன்று.

எந்த இரும்பைக் கொடுத்தாலும் ஹார்டனிங் செய்ய முடியுமா?

முடியாது. கடினம் எவ்வளவு வரும் என்பதைக் கரியின் அளவே முடிவு செய்கிறது. கடையில் கிடைக்கும் மைல்டு ஸ்டீல் பட்டையில் கரி 0.2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. அதைத் தோய்த்தால் பணமும் நேரமும்தான் வீணாகும். இஎன் 8 என்ற தர எண் கொண்ட எஃகில் கரி சுமார் 0.4 சதவீதம், 830 முதல் 860 டிகிரிவரை காய்ச்சித் தோய்த்தால் நல்ல கடினம் வரும். ஆனால் பருமனான தண்டாக இருந்தால் தோல் மட்டுமே கடினமாகும். நடுப்பகுதி குளிர்வதற்குள் கரி பிரிந்துவிடும். குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த இஎன் 19, அவற்றோடு நிக்கலும் சேர்ந்த இஎன் 24 ஆகியவற்றில் இக்கலப்புகள் கரி பிரிவதைத் தாமதப்படுத்துவதால், எண்ணெயில் நிதானமாகக் குளிர்ந்தாலும் ஆழம்வரை கடினம் இறங்கும். கலப்பு உலோகங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் இந்த ஆழத்துக்கான விலைதான்.

தண்ணீரில் தோய்த்தால் அதிகக் கடினம் வருமே, எண்ணெய் எதற்கு?

மார்ட்டென்சைட்டாக மாறும்போது எஃகு சற்று விரிகிறது. தோல் முதலில் மாறி இறுகிவிட, உள்பகுதி பிறகு மாறி விரிய முயலும்போது தோலை உள்ளிருந்து இழுக்கிறது. சாவித்துளை, கூர்மூலை, திடீரென்று பருமன் மாறும் இடம் ஆகியவற்றில் அந்த இழுவை குவிந்து விரிசலாகிறது. தண்ணீரில் இது மிகக் கடுமையாக நடக்கும். எண்ணெயில் குளிர்ச்சி மெதுவாக இருப்பதால் கலப்பு எஃகு பிழைத்துக்கொள்கிறது. வரைபடத்தில் மூலைகளுக்குச் சிறு வளைவு கொடுத்துவிட்டால் எங்கள் வேலையில் பாதி எளிதாகிவிடும்.

மழைக்காலத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்றோடு சாரல் கூரைக்குள் வரை அடிக்கும். தோய்க்கும் எண்ணெய்த் தொட்டியில் சிறிது தண்ணீர் சேர்ந்தாலும் ஓரிடம் கடினமாகவும் ஓரிடம் மென்மையாகவும் வரும், விரிசலும் வரும். தொட்டியின் அடியில் தங்கிய தண்ணீர், செந்தணலான சரக்கு இறங்கும்போது நொடியில் ஆவியாகி எண்ணெயைப் பொங்கவைத்து வெளியே தள்ளினால் தீப்பிடிக்கும், உயிருக்கே ஆபத்து. ஆகையால் பருவமழை தொடங்குமுன் கூரையையும் தொட்டி மூடியையும் பார்ப்பது எங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

அவசரம், டெம்பரிங் (தோய்த்தபின் மீண்டும் அளவாகக் காய்ச்சுதல்) இல்லாமல் கொடுத்துவிட முடியுமா?

கொடுக்கமாட்டோம். தோய்த்தெடுத்த எஃகு கண்ணாடியைப் போன்றது. மேசைமேல் வைத்திருக்கும்போதே சில துண்டுகள் விரிசல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். மீண்டும் 150 முதல் 650 டிகிரிக்குள் தேவைக்கேற்ற சூட்டில் வைத்தால், சிக்கிய கரியில் ஒரு பகுதி நுண்ணிய கார்பைடாகப் பிரிந்து, உள் இறுக்கம் தளர்ந்து, அடி தாங்கும் தன்மை திரும்பும். வெட்டும் கருவிக்குக் குறைந்த சூடு. அச்சுத்தண்டுக்கும் போல்ட்டுக்கும் அதிகச் சூடு. நடுவே 250 முதல் 400 டிகிரிவரையுள்ள பகுதியைப் பல கலப்பு எஃகுகளுக்குத் தவிர்க்கவேண்டும்; அந்தச் சூட்டில் கடினம் சற்றுக் குறைந்தும் உடையும் தன்மை குறையாமல், சில வேளைகளில் கூடியும் போகிறது. ‘கொஞ்சம் கடினம் கூட இருக்கட்டும், 350இல் எடுத்துவிடுங்கள்’ என்று இஎன் 24 தண்டுக்குச் சிலர் கேட்பதுண்டு. அந்தச் சூட்டில் எடுத்துக் கொடுத்தால் அது அவர்களுக்கு நான் செய்யும் கெடுதலாகவே முடியும்.

பல்சக்கரத்துக்கு மேல்தோல் மட்டும் கடினமாக வேண்டும். எந்த முறை நல்லது?

கரி குறைந்த எஃகில் பல்சக்கரத்தை வெட்டி, 900 முதல் 950 டிகிரிவரையுள்ள கரிவளிமத்தில் சில மணி நேரம் வைத்தால் தோலில் கரி சுமார் 0.8 சதவீதம்வரை ஏறும். பிறகு தோய்த்தால் தோல் கடினமாகவும் நடு உறுதியாகவும் நிற்கும். இதுவே கார்பரைசிங். ஒரு மில்லிமீட்டர் ஆழம் வேண்டுமென்றால் பல மணி நேரம் பிடிக்கும். சரக்கு சற்றுக் கோணிக்கொள்ளும் என்பதால் கடைசியில் சாணை பிடிக்க அளவு விட்டுவைக்கவேண்டும். நைட்ரைடிங் முறையில் 500 முதல் 550 டிகிரியில் நைட்ரஜன் ஏற்றுகிறோம். தோய்க்க வேண்டியதில்லை, அளவும் ஏறக்குறைய மாறாது, ஆனால் கடினப்பட்ட தோல் மெல்லியது. நெல் உமியும் மண்ணும் அரைக்கும் இடத்தில் ஆழமான தோலும், அளவு பிசகக்கூடாத சுழல்தண்டுக்கு நைட்ரைடிங்கும் பொருந்தும். மின்தூண்டல் முறை, தண்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் நொடிகளில் காய்ச்சித் தோய்ப்பதற்கு ஏற்றது.

கிரஷர் தாடைத் தகட்டையும் ஹார்டனிங் செய்து தருவீர்களா?

அது விதிவிலக்கு. தாடைத் தகடு பெரும்பாலும் மாங்கனீஸ் எஃகு; ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டது. அதில் மாங்கனீஸ் 12 சதவீதத்துக்கு மேல், கரி சுமார் 1.2 சதவீதம். சுமார் 1050 டிகிரியில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாவதற்கு மாறாக மென்மையாகவும் அடிதாங்குவதாகவும் ஆகிறது. பிறகு கருங்கல் அடிக்க அடிக்கத் தோல் தானே கடினமாகிறது. அதை மீண்டும் இடைநிலைச் சூட்டில் காய்ச்சுவது கெடுதல். வெல்டிங் செய்யும்போதுகூடத் தகட்டைச் சூடேறவிடக்கூடாது.

வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியும் இப்படித்தான் செய்யப்படுகிறதா?

ஆம், ஆனால் தனி உலை இல்லாமல். கஞ்சிக்கோட்டிலும் கம்பி உருட்டும் ஆலைகள் உண்டு. கடைசி உருளையிலிருந்து சுமார் 1000 டிகிரியில் வெளிவரும் கம்பிமீது தண்ணீரைப் பீய்ச்சும்போது தோல் மட்டும் மார்ட்டென்சைட் ஆகிறது; பிறகு நடுவிலிருக்கும் சூடு வெளியே பரவித் தோலைத் தானே டெம்பர் செய்கிறது. கொல்லர் அரிவாளின் முதுகுச் சூட்டைப் பயன்படுத்தியதும் இதே அறிவுதான். கம்பியில் எஃப்ஈ 500 என்று இருந்தால் 500 மெகாபாஸ்கல் (இழுவை அழுத்தத்தின் அலகு) வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள். 500டி வகை அதே வலிமையில் உடையுமுன் அதிகம் நீளும்: முன்னதற்குக் குறைந்தது 12 சதவீதம், பின்னதற்கு 16 சதவீதம். இந்தக் கம்பியைத் தீயில் காய்ச்சி வளைத்தால் தோலின் பதம் போய்விடும். வளைக்க வேண்டியதைக் குளிர்ந்த நிலையிலேயே வளைக்கவேண்டும்.

போல்ட்டுக்கு ஜிங்க் பூச்சு போட்டோம். முறுக்கிய அன்று நன்றாக இருந்தது, மறுநாள் தலை தெறித்துவிட்டது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொன்னால் மிகையாகாது. எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அரிசி ஆலைக்காக 12.9 வகைப் போல்ட்டுகளை (மிக வலிமையானவை; எண்ணின் பொருளைக் கீழே சொல்கிறேன்) நாங்கள் பதப்படுத்திக் கொடுத்தோம். கடினம் 41 ராக்வெல் சி (கடினத்தை அளக்கும் ஓர் அளவுகோல்). சோதனையில் எல்லாம் சரி. வாடிக்கையாளர் அவற்றை ஒரு முலாம் பட்டறையில் கொடுத்து மின்முலாமாக ஜிங்க் போட்டுக்கொண்டார். மாலையில் முறுக்கிய போல்ட்டுகளில் மூன்று, இரவில் யாரும் தொடாமலேயே, ஆலை நின்றிருக்கும்போதே உடைந்து விழுந்தன. காலையில் பழி எங்கள்மேல் வந்தது. முதலில் எனக்கும் விளங்கவில்லை. உடைந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உலோகம் இழுபட்டு அறுந்த அடையாளம் இல்லை, மணிமணியாக, அதாவது எஃகிலுள்ள நுண்படிகங்களின் ஓரங்களில், பிரிந்திருந்தது.

குற்றவாளி ஹைட்ரஜன். முலாம் பூசுமுன் துருவை நீக்க அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். அமிலம் இரும்போடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. முலாம் ஏறும்போதும் போல்ட்டின் மேல்பரப்பில் ஹைட்ரஜன் பிறக்கிறது. மிகச் சிறிய அணுவான அது எஃகின் உள்ளே நுழைந்துவிடுகிறது. மேலே படிந்த துத்தநாகம் மூடியைப் போல அதை வெளியே விடாமல் அடைக்கிறது. போல்ட்டை முறுக்கியதும், இழுவை அதிகமுள்ள இடங்களான மரையின் முதல் பள்ளத்துக்கும் தலையின் கழுத்துக்கும் ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து சேர்ந்து, மணிகளுக்கிடையேயான பிடிப்பைத் தளர்த்துகிறது. நகர்வதற்கு நேரம் பிடிப்பதால்தான் உடைப்பு சில மணி நேரமோ சில நாளோ கழித்து வருகிறது. மென்மையான எஃகுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அது சற்று நீண்டுகொடுத்துச் சமாளிக்கும். வலிமை கூடக் கூட இந்த ஆபத்து கூடுகிறது. 39 ராக்வெல் சி-ஐத் தாண்டிய எஃகை எப்போதும் ஐயத்தோடே அணுகவேண்டும்.

8.8, 10.9, 12.9 என்ற எண்களைப் பலர் விலைப்பட்டியல் எண்ணாக மட்டும் பார்க்கிறார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் வரும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் எத்தனை பத்திலொரு பங்குவரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல், அதில் எட்டுப் பங்கு, அதாவது 640. தேவையில்லாத இடத்தில் 12.9 கேட்பவர்களிடம், ‘உங்கள் ஆலைக்கு 8.8 போதும், அதற்கு ஜிங்க் போட்டாலும் அச்சமில்லை’ என்று சொல்வதையே நான் விரும்புகிறேன்.

அப்படியானால் உறுதியான போல்ட்டுக்குத் துருப்பிடிக்காமல் எப்படிப் பூச்சு போடுவது?

மின்முலாம்தான் வேண்டுமென்றால், நீண்ட நேரம் அமிலத்தில் ஊறவைப்பதைத் தவிர்த்து மணல் அல்லது இரும்புக்குண்டு வீச்சால் துரு நீக்கவேண்டும். முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள், 190 முதல் 220 டிகிரிவரையுள்ள அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை விரட்டவேண்டும். எட்டு மணி நேரமாவது வேண்டும், கடினம் கூடுதலானால் ஒரு நாள்வரைகூடத் தேவைப்படும். துத்தநாகத்தைக் காக்க அதன்மேல் போடும் மஞ்சள் அல்லது வெள்ளை பாசிவேஷன் பூச்சை இந்தச் சூட்டுக்குப் பிறகுதான் போடவேண்டும். முன்பே போட்டுவிட்டால் அந்தப் படலம் சூட்டில் கெட்டு, துருவைத் தடுக்கும் திறனை இழந்துவிடும். இந்த வரிசையைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது வண்டி வாளையாரைத் தாண்டுமுன் மறந்துபோகிறது.

எனினும் துத்தநாகப் படலம் அடைத்துக்கொண்டிருப்பதால் அடுப்பு எல்லா ஹைட்ரஜனையும் வெளியேற்றிவிடும் என்று உறுதி கூற முடியாது. 12.9 வகைக்கு என் பரிந்துரை, துத்தநாகச் செதில்களைக் குழம்பாகக் கலந்து தோய்த்துச் சுழற்றி, அடுப்பில் உலர்த்தி இறுக்கும் பூச்சு. அதில் மின்சாரமும் இல்லை, அமிலமும் இல்லை. உலர்த்தும் சூடு டெம்பரிங் சூட்டைவிடக் குறைவாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உருகிய துத்தநாகத்தில் தோய்க்கும் கால்வனைசிங்?

அந்தத் தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரி. 10.9 போல்ட்டை 430இல் டெம்பர் செய்திருந்தால், தொட்டியில் மூழ்கும்போது அது மறுபடி டெம்பர் ஆகி வலிமை குறையும். ஆகையால் கால்வனைசிங் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால், அதைவிடக் கூடுதல் சூட்டில் டெம்பர் செய்தும் வலிமை நிற்கக்கூடிய கலப்பு எஃகைத் தேர்ந்தெடுப்போம். 12.9 வகைக்கு இது வேண்டாம். பூச்சின் தடிமன் மரையை அடைப்பதால் நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டியதையும் மறக்கக்கூடாது.

கார்களில் மிக வலிமையான தகடு என்கிறார்களே, அதைப் பூச்சோடு எப்படிச் செய்கிறார்கள்?

இதில் சூடும் பூச்சும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிறிதளவு போரான் கலந்த தகட்டை 900 முதல் 950 டிகிரியில் சில நிமிடம் வைத்து, செந்தணலாகவே அச்சுக்குள் அழுத்துகிறார்கள். அச்சுக்குள் ஓடும் தண்ணீர் அதை நொடிக்குச் சுமார் 30 டிகிரி வேகத்தில் குளிர்விக்க, வடிவமைப்பும் தோய்ப்பும் ஒரே அழுத்தத்தில் முடிகின்றன. சுமார் 600 மெகாபாஸ்கலாக உள்ளே போன தகடு 1500 மெகாபாஸ்கலாக வெளியே வருகிறது. சுவீடனில் 1970களில் உருவான இந்த முறையை 1984இல் சாப் நிறுவனம் தன் 9000 காரின் கதவுக்குள் இருக்கும் தாங்குகட்டைக்குப் பயன்படுத்தியது.

வெறும் தகட்டை அந்தச் சூட்டில் வைத்தால் செதில் செதிலாக உரிந்துவிடும். அதற்காக அலுமினியமும் சுமார் 10 சதவீதம் சிலிக்கானும் கலந்த பூச்சை முன்கூட்டியே போடுகிறார்கள். உலையில் இரும்பு அந்தப் பூச்சுக்குள் ஏறிச் சேர்ந்து, உருகாத ஒரு கலவையாக மாறிவிடுகிறது. துத்தநாகம் போட்டால் வேறு தொல்லை: அது 420 டிகிரியிலேயே உருகிவிடும். உருகிய துத்தநாகம் இழுபடும் எஃகின் மணிகளுக்கிடையே புகுந்து பிளந்துவிடும். ஆகையால் குளிர்ந்த நிலையில் வடிவமைத்துவிட்டுப் பிறகு காய்ச்சுவது போன்ற மாற்று வழிகள் தேவைப்படுகின்றன. அலுமினியப் பூச்சிலும் ஹைட்ரஜன் விடுவதில்லை. உலையில் ஈரக்காற்று இருந்தால் சூடான அலுமினியம் நீராவியைப் பிரித்து ஹைட்ரஜனை எஃகுக்குள் அனுப்பிவிடும். எனவே உலைக்குள் போகும் காற்றின் ஈரத்தை அளந்து கட்டுப்படுத்துகிறார்கள். நம் பருவமழைக் காற்றை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

சுருளாக ஓடும் தகட்டைக் காய்ச்சி அப்படியே துத்தநாகத் தொட்டிக்குள் செலுத்தும் தொடர்முறைக்கு 1930களில் போலந்தில் டடேயுஷ் செண்ட்சிமிர் அடித்தளம் போட்டார். வலிமைக்காக மாங்கனீஸும் சிலிக்கானும் அதிகம் சேர்த்த இன்றைய தகடுகளில், அவை உலையிலேயே மேல்பரப்புக்கு வந்து ஆக்சைடாகப் படிந்துவிடுகின்றன. அங்கே துத்தநாகம் ஒட்டாமல் பொட்டுப்பொட்டாக விட்டுப்போகும். உலையின் ஈரத்தை மிகவும் துல்லியமாகக் கூட்டி, அந்த ஆக்சைடு மேற்பரப்பில் உருவாகாமல் சற்று உள்ளே உருவாகும்படி செய்வது ஒரு தீர்வு.

சரக்கு கொண்டுவரும்போது என்ன கொண்டுவரவேண்டும்?

எஃகின் தரச்சான்று, வேண்டிய கடினத்தின் கீழெல்லையும் மேலெல்லையும், தோல் மட்டுமென்றால் ஆழம், பின்னால் எந்தப் பூச்சு வரப்போகிறது என்ற செய்தி ஆகிய நான்கும் போதும். ‘58 கடினம்’ என்று ஒரே எண்ணை எழுதாமல், ‘56 முதல் 60’ என்று எழுதுங்கள். சான்று இல்லாத பழைய தண்டாக இருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டிக் கொடுங்கள். முதலில் அதைத் தோய்த்துப் பார்த்து, மறுநாள் காலையில் சொல்லிவிடுகிறோம்.